நாற்பத்திரண்டு ஷாட்

இருநூறாவது ஷாட் திரையில் விழுந்தபோது மணி ஒன்று ஐம்பத்தொன்று. டெக்னீஷியன் கங்கப்பன் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடி கதவருகே நின்றுகொண்டிருந்தார். அவருடைய பாகலூர் பஸ் ஒன்று நாற்பதுக்கு. அடுத்தது மூன்று மணிக்கு மேல்தான்.

“உங்க நூறு நிமிஷம் எந்த ஊரு நூறு நிமிஷம் சாரு?” என்றார். “பதினொன்னு அம்பதுக்கு ஆரம்பிச்சோம். ஒன்னரைக்கு முடியணும். போன வாரமும் இப்பிடித்தான், அதுக்கு முந்தின வாரமும் இப்பிடித்தான். பஸ் கண்டக்டரு நான் வேலைய வுட்டுட்டேன்னு நெனச்சிட்டிருக்கான்.”

“கம்ப்யூட்டர் ஸ்லோ” என்றான் ஹரீஷ்குமார். எப்போதும் சொல்கிற பதில்தான். மனைவி இறந்த பதினான்கு மாதங்களில் பெரும்பாலான கேள்விகளை இரண்டு சொல்லுக்குள் முடிக்க அவன் பழகியிருந்தான். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன். தூக்கம் வருகிறதா என்றால் வருகிறது. அதில் பொய் எதுவும் இல்லை. மூக்கண்டப்பள்ளியில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு, காலையில் குக்கரில் ஒரு டம்ளர் அரிசி, எட்டரைக்குப் பைக். துக்கம் என்று மற்றவர்கள் சொல்லும் ஒன்று தனக்கும் வரும் என்று முதல் சில வாரங்கள் எதிர்பார்த்தான். அது வரவில்லை. வராததைப் பற்றி அவனுக்குக் குறையும் இல்லை. முப்பத்தோரு வயதில் ஒருவனுக்குப் போய்ச் சேர ஓர் இடமும் அங்கே செய்ய ஒரு வேலையும் இருந்தால் நாள் ஓடிவிடுகிறது.

அந்த இடம் ஓசூர் சிப்காட்டின் இரண்டாம் பகுதியில் இருந்தது. ஒரு பேரிங் கம்பெனி தன் உருப்படிகளை அளந்து பார்க்க வைத்திருந்த குளிர் அறை அது. முதலாளி ராஜசேகர் அதை வாடகைக்கு எடுத்து, பர்கூரிலிருந்து ஒரு கருங்கல் பலகையைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் லேசர்களை நிறுத்தினார். பெங்களூரில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக அங்கே ஓர் அளவைக் கருவி மூன்று வருடமாக உருவாகிக்கொண்டிருந்தது. காற்றை முழுக்க உறிஞ்சிய கண்ணாடிக் கூட்டுக்குள் ருபீடியம் என்னும் உலோகத்தின் அணுக்களைக் கொஞ்சம் விட்டு, லேசர் ஒளியாலும் காந்தத்தாலும் பிடித்து நிறுத்தி, உலகத்தில் எந்தப் பனியும் எட்டாத குளிருக்குக் கொண்டுபோவார்கள். முப்பது வினாடியில் ஒரு கூட்டம் சேரும், குளிரும், படம் எடுக்கப்படும், கலைந்துபோகும். பிறகு புதிதாக அடுத்த கூட்டம். அந்த முப்பது வினாடிக்குப் பெயர் ஷாட்.

தொல்லை என்னவென்றால், ஒவ்வொரு ஷாட்டிலும் சேரும் அணுக்களின் எண்ணிக்கை வேறாக இருக்கும். ஒரு தடவை ஆறு லட்சம், அடுத்த தடவை ஐந்தே கால். அணுக்கள் ஒன்றையொன்று இடித்து அளவைக் கெடுப்பவை; எத்தனை இருக்கின்றனவோ அதற்குத் தக்கபடி கெடும். எண்ணிக்கை மாறாமல் இருந்தால் அந்தக் கெடுதலைக் கழித்துவிடலாம், மாறிக்கொண்டே இருந்தால் முடியாது. அதனால் இவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். முதலில் தேவைக்கு மேலேயே சேர்ப்பது. பிறகு அணுக்கள் விழுங்காத நிறத்தில் ஒரு மெல்லிய ஒளியை ஊடே அனுப்பிக் கூட்டத்தைக் கலைக்காமல் எண்ணுவது. எண்ணி, ஐந்து லட்சத்துக்கு மேல் இருப்பதை மட்டும் ஒரு ரேடியோ அலையால் தட்டி வெளியே தள்ளுவது. மிஞ்சியது எப்போதும் ஐந்து லட்சம். இருநூறு ஷாட் தொடர்ச்சியாக, நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பிசகாமல் காட்டினால் பெங்களூர் நிறுவனம் கருவியை ஏற்றுக்கொள்ளும். இன்னும் மூன்று கருவிகளுக்கும் ஆர்டர் தரும். காட்டாவிட்டால் அறை பேரிங் கம்பெனிக்கே திரும்பப் போகும். அவர்களுடைய ஆள் போன வாரம் வந்து கதவின் அகலத்தை அளந்துவிட்டுப் போயிருந்தான். சோதனை வியாழக்கிழமை. அன்று செவ்வாய்.

கம்ப்யூட்டர் ஸ்லோ என்று சொன்ன பிறகுதான் ஹரீஷ்குமாருக்கு ஒன்று தோன்றியது. ஸ்லோ என்றால் எல்லா ஷாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்லோவாக இருக்க வேண்டும். அவன் நேரங்களின் பட்டியலைத் திறந்தான். முப்பது, முப்பது, முப்பது. பதினாறாவது ஷாட்டுக்கும் பதினேழாவதுக்கும் நடுவில் அறுபது. பிறகு முப்பது, முப்பது. ஓரிடத்தில் தொண்ணூறு.

“ஹீனா, இங்க பாரேன்.”

ஹீனா கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, ஆறு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவள். அவள் நாற்காலியோடு உருண்டு வந்து பட்டியலைப் பார்த்தாள். “நடுவுல ஷாட்டு காணாம போயிருக்குண்ணா” என்றாள்.

“காணாமப் போகாது. போனா தெரியும்.”

கங்கப்பன் பையை இறக்கி வைத்தார். பஸ் போய்விட்டது, இனி அவசரமில்லை. காந்தச் சுருளுக்கு மின்சாரம் தரும் பெட்டியில் தனியாக ஓர் எண்ணி உண்டு. எத்தனை தடவை சுருள் ஓடியது என்று அதற்குத் தெரியும். கம்ப்யூட்டர் சொல்வது அதற்குத் தேவையில்லை. மூன்று வருடமாக, பராமரிப்புக்கு என்று யாரும் கேட்காமலேயே, கங்கப்பன் அதைக் காலையிலும் முடிந்த பிறகும் ஒரு டைரியில் குறித்து வந்தார். எண்ணும்போது மட்டும் அவருக்குத் தெலுங்கு வரும். உதடு அசைய அசையக் கழித்துப் பார்த்துவிட்டு, “எரநூத்தி நாப்பத்திரண்டு” என்றார்.

ஹீனா கட்டுப்பாட்டு நிரலைத் திறந்து மேலிருந்து கீழாகத் தேடிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி அவனுக்கு இடம் விட்டாள்.

ஒரே ஒரு வரி. முதல் எண்ணிக்கை ஐந்து லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த ஷாட்டைக் கைவிடு, எண் தராதே, புதிதாகத் தொடங்கு. பக்கத்தில் எழுதியவனுடைய முதலெழுத்துகள், எச்.கே. அதற்கு அடுத்து தேதி: செப்டம்பர் இருபத்திரண்டு. மனைவி சுவாதி இறந்தது செப்டம்பர் பன்னிரண்டு.

கூடியதைத் தள்ளலாம். குறைந்ததில் சேர்க்க முடியாது. இந்த வழியின் பலவீனம் அது ஒன்றுதான். எந்த ஷாட்டில் ஆரம்பத்திலேயே குறைவாக வந்ததோ, அந்த ஷாட்டையே நடக்கவில்லை என்று ஆக்கிவிட்டது அந்த வரி. பதினான்கு மாதமாக அவன் பெங்களூருக்கு மாதந்தோறும் அனுப்பிய அறிக்கைகளில் கருவி பிசகாமல் ஓடியதற்கு அதுதான் காரணம்.

“நான் எழுதல” என்றான் ஹரீஷ்குமார். பிறகு, “எனக்கு ஞாபகம் இல்ல” என்றான்.

“எழுதினீங்க சாரு.” கங்கப்பன் அவனைப் பார்க்காமல் டைரியைப் பார்த்துச் சொன்னார். “பதினோராம் நாளு. கருமாதி கூட ஆவல. மொட்டத்தலையோட வந்து ஒக்காந்தீங்க. எங்களுக்கு என்னா பேசறதுன்னே தெரியல, கம்பம் மாதிரி நின்னோம். அன்னிக்கு லேசரு வேற மக்கர். பத்துக்கு நாலு ஷாட்டு குறைவா வருது. நீங்க ரொம்ப நேரம் அதையே பாத்துட்டிருந்தீங்க. அப்பறம் ‘வராததுக்கெல்லாம் எதுக்கு நம்பரு’ன்னீங்க. ஏதோ தட்டினீங்க. வண்டிய எடுத்துட்டுப் போயிட்டீங்க.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“எனக்கு என்னா தெரியும், கம்ப்யூட்டரு. நீங்க தட்டினதுக்கு அப்பறம் எல்லாம் நேராச்சு. சரி, மனுசன் எந்த நெலமைலயும் வேலைய கரெக்டா பாக்குறான்னு நெனச்சேன்.” டைரியை மூடிவிட்டு, “ஊட்ல கூடச் சொன்னேன்” என்றார்.

ஹரீஷ்குமார் ராஜசேகரின் அறைக்குப் போனபோது அவர் சிறிய டப்பாவிலிருந்து வேர்க்கடலை எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். கேட்கக் கேட்க டப்பாவை மூடி வைத்தார்.

“அவங்க பேப்பர்ல இருநூறுன்னுதான இருக்குது? இருநூறு குடுக்கறோம்ல?”

“தொடர்ச்சியா இருநூறு சார்.”

“பதினாலு மாச ரிப்போர்ட் போயிருக்குது ஹரீஷ்.”

“நான் அனுப்பினது.”

“தெரிஞ்சா அனுப்பின?”

“இல்ல.”

“அதத்தான நானும் சொல்றேன். தெரியாம நடந்தது. வியாழக்கிழமை முடியட்டும், வெள்ளிக்கிழமை சொல்லிக்கலாம்.” அவரே அதைக் காதில் கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வெள்ளிக்கிழமை சொன்னா செருப்பால அடிப்பாங்க, இல்ல?”

“இன்னைக்கே பெங்களூருக்குச் சொல்லிடறேன் சார்” என்றான் ஹரீஷ்குமார்.

“அஞ்சு லட்சம்னு யார்ரா போட்டது? மூணுன்னு போட்டுத் தொலைச்சிருந்தா இந்த வம்பே இல்ல” என்றார். பதிலை எதிர்பார்க்கவில்லை. “நீயே போன் பண்ணு. எங்கிட்ட மட்டும் குடுத்துடாத. அந்தம்மாகிட்ட பேசுனா எனக்கு பி.பி. ஏறுது.”

அவன் வெளியே வந்து ஜெனரேட்டர் பக்கமாகப் போனான். அடுத்த கட்டிடத்தில் பிரஸ் அடிக்கும் அதிர்வு காலடியில் தெரிந்தது. ஐந்து லட்சம் என்று போட்டது யார் என்பது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. விண்ணப்பம் எழுதிய இரவு நாலு என்றுதான் தட்டியிருந்தான். சுவாதி சப்பாத்திக்கல்லைக் கவனித்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தாள். “நாலா? தர்மத்துக்குக் கேக்கற மாதிரி இருக்குதுங்க. சொல்றதுதான் சொல்றீங்க, அஞ்சுன்னு போடுங்களேன். அஞ்சு நல்ல நம்பரு” என்றாள். அவள் கைக்கடிகாரக் கம்பெனியில் அசெம்பிளி வேலை பார்த்தவள். அணுவைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சொன்ன தோரணையில், கருவியே அவள் டிபார்ட்மெண்டில் செய்வது போல இருந்தது. அவன் நாலை அழித்துவிட்டு ஐந்து என்று தட்டினான். அதைச் செய்ய ஒரு வினாடி ஆனது. அதைக் காப்பாற்ற இத்தனை வருடம்.

பெங்களூர் நிறுவனத்தில் இந்தக் கருவிக்குப் பொறுப்பான விஞ்ஞானி பிரியா. முதல் மணியிலேயே எடுத்தார். ஹரீஷ்குமார் நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தான்.

“இன்னைக்கு எத்தனை போச்சு?”

“இருநூத்தி நாப்பத்திரண்டுல நாப்பத்திரண்டு மேடம். பழசும் இருக்கு. எங்க கங்கப்பன் டைரில தினமும் குறிச்சிருக்காரு. எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பறேன்.”

“அந்த வரிய யார் எழுதினது?”

“நான்தான்.”

“எதுக்கு?”

இரண்டு சொல்லில் பதில் வரவில்லை. “தெரியல மேடம். அந்த மாசம் எனக்குச் சரியா ஞாபகம் இல்ல” என்றான்.

“ஹரீஷ், எனக்குப் பெரிய நம்பர் வேண்டாம். மாறாத நம்பர் வேணும். அஞ்சு நான் கேட்டது இல்ல, நீங்க எழுதினது. குறைஞ்சா எனக்கு அளக்க ரெண்டு மடங்கு நேரம் ஆகும், அதை நான் பாத்துக்கறேன். எப்பவும் முடியற நம்பர் எது?”

கைவிடப்பட்ட நாற்பத்திரண்டின் முதல் எண்ணிக்கைகளை ஹீனா அதற்குள் தோண்டி எடுத்து அவனுக்கு அனுப்பியிருந்தாள். மிகக் குறைந்தது மூன்று லட்சத்து அறுபதாயிரம். “மூணரை” என்றான்.

“சரி. மூணரைக்குப் பண்ணுங்க. ஆனா எல்லா ஷாட்டும் எண்ணணும். இருநூறுல ரெண்டு தவறலாம். மூணாவது தவறினா நான் கையெழுத்துப் போட மாட்டேன். பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் திருத்தி அனுப்பணும். உங்க பேர்ல.”

“சரி மேடம்.”

போனை வைத்தபோது வயிறு பசித்தது. மணி நாலரை ஆகியிருந்தது.

புதன்கிழமை முழுக்க வேலை. ஹீனா நிரலைத் திறந்து வைத்துவிட்டு, “நான் மாத்தட்டுமாண்ணா?” என்றாள்.

“நானே பண்றேன்.”

முதலில் அந்த வரியை எடுத்தான். பிறகு இலக்கு என்ற இடத்தில் ஐந்தை அழித்தான். கர்சர் வெற்றிடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. ஏதாவது வரும் என்று காத்திருந்தான். வந்தது அவன் நினைத்தது போல் பெரிதாக எதுவும் இல்லை. சுவாதியின் மோதிர விரலில் ஒட்டியிருந்த கோதுமை மாவு. அதை அவள் விசைப்பலகையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரையைச் சுட்டியது. பதினான்கு மாதமாக அவளுடைய கை என்றாலே ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டிய கைதான் தெரிந்தது. டெங்கு வார்டுக்கு முன்னாலும் அவளுக்கு ஒரு கை இருந்திருக்கிறது. அவன் மூன்றரை என்று தட்டினான்.

“ஆறு சேத்து மூணரைய வெச்சிக்கிட்டு மிச்சத்தத் தள்ளி வுடறதா?” கங்கப்பன் லேசர் செல்லும் கண்ணாடி இழையை அசையாமல் இறுகக் கட்டிக்கொண்டே கேட்டார். “எங்க மாமியா குழம்புல புளி போடற மாதிரி இருக்குது.”

“அவங்களாவது மொதல்லயே கம்மியா போடலாம்ல?” என்றாள் ஹீனா.

“சொல்லிப் பாரு. என்னை ஊட்ட வுட்டுத் தள்ளுவா. புளி அப்பிடியே இருக்கும்.”

ஹரீஷ்குமார் சிரித்தான். சத்தம் வெளியே வந்ததும் மற்ற இருவரும் அதைக் கவனிக்காதது போல வேலையைப் பார்த்தார்கள். அதிகம் தள்ள வேண்டுமென்றால் ரேடியோ அலை எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதைப் புதிதாக அளக்க வேண்டியிருந்தது. நீட்டிப் பார்ப்பது, எண்ணுவது, குறித்துக்கொள்வது, மறுபடி நீட்டுவது. மதியம் ஹீனாவின் அம்மா பேகம் கொடுத்தனுப்பியிருந்த கத்தரிக்காய் பச்சடியும் குஸ்காவும் மூன்று பேருக்கும் போதுமானதாக இருந்தது. மூன்று மணிக்கு மேல் எண்கள் அடங்கத் தொடங்கின. மூன்று நாற்பத்தொன்பது தொள்ளாயிரம். மூன்று ஐம்பது நூறு. ஒரு வேலை கைக்குள் வந்து உட்காரும்போது உண்டாகும் அமைதி அறையில் இருந்தது. ஐந்து லட்சத்தை ஒருநாளும் இப்படிக் கவலையில்லாமல் அவர்கள் பார்த்ததில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

வியாழக்கிழமை பிரியா அத்திப்பள்ளியில் நெரிசலில் மாட்டி, பத்தரைக்கு வந்து சேர்ந்தார். நாற்பது வயதுக்காரர். முதுகில் பை, கழுத்தில் அடையாள அட்டை. டீ வேண்டாம் என்றார். கங்கப்பனின் டைரியைக் கேட்டு வாங்கி நின்றபடியே பத்துப் பக்கம் புரட்டினார். “இதை நான் வெச்சிக்கலாமா?” என்றார்.

“நகல் எடுத்துக்கங்க மேடம். அதுல பால் கணக்கும் இருக்குது.”

பிரியா அச்சடித்த படிவத்தை மேசையில் வைத்தார். ஒன்றிலிருந்து இருநூறு வரை கட்டங்கள். ஹரீஷ்குமார் தொடங்கினான். ராஜசேகர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, தான் இருந்தால் ராசியில்லை என்று சொல்லிப் போய்விட்டார்.

திரையில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் இரண்டு புள்ளிகள் விழும். மேலே முதல் எண்ணிக்கை, கீழே தள்ளிய பிறகு மிஞ்சியது. மேல் வரிசை ஏறியும் இறங்கியும் குடிகாரன் நடையாகப் போனது. கீழ் வரிசை நூல் பிடித்தது போல ஒரே கோடு. இருபது, நாற்பது, அறுபது. எழுபத்தொன்றில் தள்ளும் அலை ஏதோ தடுமாறி, கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி தெறித்தது. பிரியா அந்தக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். நூறு தாண்டியது. கங்கப்பன் மூச்சுக்குள் தெலுங்கில் எண்ணிக்கொண்டிருந்தார். நூற்றிருபது வாக்கில் பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நூற்றைம்பதில் டீ கேட்டார்.

நூற்று அறுபத்து மூன்றாவது ஷாட்டில் மேல் புள்ளி மூன்று நாற்பத்தொன்றில் விழுந்தது. தள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கருவி ஒன்றும் தள்ளவில்லை. கீழ்ப் புள்ளியும் அதே இடத்தில், கோட்டுக்கு அடியில் போய் நின்றது.

ஹீனா வாயில் விரல் வைத்தாள். பிரியாவின் கண் அப்போது டீ கிளாஸில் இருந்தது.

“மேடம், நூத்தி அறுபத்தி மூணு தவறிருச்சு” என்றான் ஹரீஷ்குமார். “குறிச்சுக்கங்க.”

பிரியா நிமிர்ந்து திரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிறகு பேனாவை அவன் பக்கம் நீட்டினார். அவன் படிவத்தை இழுத்து அந்தக் கட்டத்தைத் தேடி, பெருக்கல் குறி போட்டான். அதன் பக்கத்தில் இடம் இருந்தது. 3.41 என்று எழுதினான். எழுதி முடிப்பதற்குள் காந்தச் சுருள் மறுபடி உறுமத் தொடங்கியது.

இன்னும் முப்பத்தேழு இருந்தது; இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது. படத்தில் கூட்டம் சேர்ந்தது. கருமைக்கு நடுவே ஒரு வெண்மை, முதலில் ஊசிமுனை அளவு, பிறகு அரிசி அளவு. நூற்று அறுபத்து நாலாவது புள்ளி கோட்டின்மேல் வந்து அமர்ந்தது. அதற்கு முந்தைய புள்ளி கீழே, தன் இடத்தில், தனியாகத் தெரிந்துகொண்டிருந்தது.